வீட்டை விற்கும் முன் பங்கைப் பாருங்கள்

 

நம் டிரஸ்ட்டுக்கு மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு வருபவர்களோடு, வீட்டுப் பத்திரத்தைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் விலை பேசி, முன்பணமும் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். "வாங்குபவரின் வக்கீல் பத்திரம் சரியில்லை என்கிறார்", "தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறாள்", "அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்கள், அது செலவாகிவிட்டது" என்பார்கள். இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை விலை பேசுவதற்கு முன்பே தீர்த்திருக்கக் கூடியவை. வீடு விற்கும் எண்ணம் உள்ளவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை மார்க்கம், சட்டம் இரண்டையும் சேர்த்து இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

விற்றுத்தான் ஆக வேண்டுமா?

பெரிய காஞ்சிபுரத்தின் பழைய தெருக்களில் ஒரு வீடு கையை விட்டுப் போனால், அதே தெருவில் இன்னொன்று வாங்குவது எளிதல்ல. அதனால் முதல் கேள்வி இதுதான்: பணம் எதற்காகத் தேவைப்படுகிறது?

மருத்துவச் செலவுக்காக என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காமலேயே வீட்டை விலை பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

மகளின் திருமணத்துக்காக என்றால், நிக்காஹ்வுக்கு மார்க்கம் மாப்பிள்ளையிடம்தான் மஹர் கேட்கிறது. பெண் வீட்டாரிடம் எதையும் கேட்கவில்லை. கைக்கூலிக்காகவும் மண்டபச் செலவுக்காகவும் வீட்டை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போகும் முன், உங்கள் மஹல்லா ஜமாஅத்திடமும் ஹஜ்ரத்திடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

கடன் தீர்ப்பதற்காக என்றால், பாதி வீட்டை மட்டும் விற்கலாமா, மாடியை வாடகைக்கு விட்டு அடைக்கலாமா என்று கணக்குப் போடுங்கள். வட்டிக்காரர் நெருக்குகிறார் என்பதற்காக அவர் சொன்ன விலைக்கு அவருக்கே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடனுக்கு மிரட்டி வீட்டை எழுதி வாங்குவது குற்றம். காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

வீடு உண்மையில் யாருடையது?

வீடு உங்கள் சொந்த உழைப்பில் வாங்கி, உங்கள் பெயரிலேயே பத்திரம் இருந்தால் விஷயம் எளிது. முஸ்லிம் சட்டத்தில் பிறப்பால் வரும் கூட்டுக்குடும்ப உரிமை கிடையாது. தந்தை உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் பங்கு இல்லை. எனவே அவர் தம் வீட்டைத் தாமே விற்கலாம். பிள்ளைகளின் கையெழுத்து சட்டப்படி அவசியமில்லை. வாங்குபவர் மன அமைதிக்காகக் கேட்டால் சாட்சியாகப் போடலாம்.

பெரும்பாலான வீடுகள் அப்படி இல்லை. பத்திரம் அத்தா பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருக்கும். அவர் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். குடியிருப்பவர் மூத்த மகன். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அவர் பெயரில் வரும். அதனால் "வீடு என்னுடையது" என்று நினைத்துக்கொள்கிறார். வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமையாளர் இறந்த அந்த நிமிடமே, யாரும் எழுதிக் கொடுக்காமலேயே, வாரிசுகள் எல்லோரும் அவரவர் பங்குக்கு உரிமையாளர் ஆகிவிடுகிறார்கள். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் நாட்டு நீதிமன்றங்களும் இதையே பின்பற்றுகின்றன.

பங்கு பிரிப்பதற்கு முன் மூன்று செலவுகள் உண்டு: அடக்கச் செலவு, கடன், வஸிய்யத். கடனில் மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹரும் சேரும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வஸிய்யத் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசாக இருப்பவருக்கே வஸிய்யத் எழுதியிருந்தால், மரணத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது செல்லும்.

மீதியைப் பிரிக்கும் முறை சூரா அந்நிஸாவின் 11, 12-ஆவது வசனங்களில் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்களை விட்டுவிட்டு இறக்கிறார். பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். வீடு 40 லட்சத்துக்கு விலை போகிறது. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழு பாகம் போட்டால், ஒவ்வொரு மகனுக்கும் 10 லட்சம், ஒவ்வொரு மகளுக்கும் 5 லட்சம். கூட்டிப் பாருங்கள், 40 லட்சம் சரியாக வரும். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒரு பங்கு. தந்தை இருந்தால் அவருக்கும் அவ்வாறே. அப்போது மற்றவர் கணக்கு மாறும்.

இன்னோர் உதாரணம் மிகவும் முக்கியம். இறந்தவருக்கு மனைவியும் இரண்டு மகள்களும் மட்டுமே, மகன் இல்லை, பெற்றோரும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. இரண்டு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. இதோடு முடிந்துவிடவில்லை. 24-இல் 5 பங்கு மிஞ்சுகிறது. அது இறந்தவரின் சகோதர சகோதரிகளுக்குப் போகும். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றில் மனைவி, மகள்கள் பெயர் மட்டும் இருக்கலாம். அதை நம்பி விற்றுவிட்டால், பிறகு சித்தப்பாவோ பெரியப்பாவோ வழக்குப் போட முடியும். வாரிசுச் சான்று யார் யார் உறவு என்று சொல்லுமே தவிர, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. ஆகவே விலை பேசும் முன் ஃபராயிள் தெரிந்த ஓர் ஆலிமிடம் பங்குக் கணக்கை எழுதி வாங்குங்கள். அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தைக்கு முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன் உயிரோடு இருந்தால், பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. அதனால்தான் பாட்டனார் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு ஹிபாவாகவோ, மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத்தாகவோ கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் வலியுறுத்துகிறார்கள். அவர் அப்படிச் செய்யாமல் இறந்திருந்தால், வீடு விற்ற பணத்திலிருந்து பெரியப்பாவும் சித்தப்பாவும் மனமுவந்து கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

சகோதரியின் கையெழுத்து

நம் சமுதாயத்தில் அதிகம் மீறப்படும் உரிமை இதுதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே" என்கிறார்கள். திருமணத்தில் தந்தை கொடுத்தது அன்பளிப்பு. அல்லாஹ் விதித்த பங்கு அதனால் குறையாது. வாரிசுப் பங்குகளைச் சொல்லி முடித்த உடனேயே, 13, 14-ஆவது வசனங்களில், அந்த எல்லைகளைப் பேணுபவருக்கு நற்செய்தியும் மீறுபவருக்கு எச்சரிக்கையும் வருவதை நாம் ஓதிக்கொண்டே கடந்துபோகிறோம்.

சட்டமும் இங்கே சகோதரியின் பக்கம்தான். ஒரு வாரிசு மொத்த வீட்டையும் விற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், அவர் பங்கு மட்டுமே வாங்குபவருக்குப் போகும்; சகோதரியின் பங்கு அப்படியே நிற்கும். பல ஆண்டுகள் கேட்காமல் இருந்தாள் என்பதால் மட்டும் பங்கு போய்விடாது. ஒரு பங்காளி குடியிருப்பது மற்ற பங்காளிகளின் சார்பிலும்தான் என்று நீதிமன்றங்கள் கொள்கின்றன.

தந்தை உயிரோடு இருக்கும்போதே மகளிடம் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கும் பழக்கமும் உண்டு. வராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அந்தக் காகிதம் பொதுவாகச் செல்லாது. ஆனால் அதற்கு ஈடாகப் பணமோ சொத்தோ பெற்றுக்கொண்டவர் பிறகு பங்கு கேட்க முடியாமல் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே சகோதரிகளே, படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

தந்தையின் மரணத்துக்குப் பிறகு ஒரு சகோதரி மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்க விரும்பினால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குக் கட்டணம் குறைவு, உச்சவரம்பும் உண்டு. அதை எழுதும் முன் அவள் பங்கு எத்தனை ரூபாய் என்பதை அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். தொகை தெரியாமல் விட்டுக்கொடுத்தது மனப்பூர்வமான விட்டுக்கொடுப்பு ஆகுமா என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.

யத்தீம் பிள்ளைகளின் பங்கு

வாரிசுகளில் 18 வயது நிறையாதவர் இருந்தால் நிறுத்தி நிதானமாகச் செல்ல வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் சிறுவரின் சொத்துக்குப் பாதுகாவலர் தந்தை. அவருக்குப் பிறகு தந்தை நியமித்தவர். பிறகு தந்தையின் தந்தை. தாய் பிள்ளையை வளர்க்கும் உரிமை உள்ளவர். ஆனால் பிள்ளையின் வீட்டுப் பங்கை விற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1918-இல் பிரிவி கவுன்சிலும் 1952-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியுள்ளன. கணவரை இழந்த ஒரு சகோதரி, "பிள்ளைகளின் தாயும் பாதுகாவலரும்" என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டாலும், பிள்ளைகளின் பங்கைப் பொறுத்தவரை அது செல்லாது.

இதற்கு வழி உண்டு. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்து, தாய் பாதுகாவலராக நியமனம் பெற்று, விற்க அனுமதியும் வாங்கலாம். பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று நீதிமன்றம் பார்க்கும். அவர்கள் பணத்தை வங்கியில் போடச் சொல்லும். மாதங்கள் ஆகும். அவசரமாக வாங்க வந்தவர் போய்விடுவார். போகட்டும். யத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பது பற்றி அந்நிஸா 10-ஆவது வசனம் சொல்வதை நினைத்தால் இந்தத் தாமதம் பெரிதல்ல.

வளைகுடாவில் இருப்பவர்

ஒரு தம்பி துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். அவர் பவர் எழுதி அனுப்பலாம். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும். அதன் பிறகு பதிவு செய்யக் கூடாது. பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டே வீடு வாங்கியதாக நினைப்பதும் தவறு. பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் அறுதியாகச் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் வசிப்பவர் என வரிச் சட்டம் கருதும் விற்பனையாளருக்கு, வாங்குபவர் பிடிக்கும் வரி மிக அதிகம். வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்று வாங்கலாம். ஆடிட்டரை முதலிலேயே பாருங்கள்.

மனை யாருடையது?

நம் ஊர் கோயில் நகரம். பல தெருக்களில் கட்டடம் நம்முடையதாக இருக்கும். அடிமனை கோயிலுடையதாக இருக்கும். பரம்பரையாக மனை வாடகை கட்டி வருவோம். அத்தகைய மனையை நாம் விற்க முடியாது; அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றி நடந்த விற்பனை செல்லாது, சார் பதிவாளரும் பதிவு செய்ய மறுப்பார். வக்ஃப் மனைக்கும் இதே நிலைதான். வக்ஃப் செய்த சொத்தை விற்கவோ தானம் செய்யவோ அடமானம் வைக்கவோ முடியாது. பள்ளிவாசல், தர்கா, மதரஸா அருகில் உள்ள பழைய வீடுகளுக்கு முத்தவல்லியிடமும் வக்ஃப் வாரியப் பதிவேட்டிலும் பார்த்துவிடுங்கள். சர்வே எண் சிறிது மாறியிருந்தாலும் பதிவு நின்றுவிடும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில், வேறு சில சிறிய பல்லவர் காலக் கோயில்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம். அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் எண்ணத்தோடு ஒருவர் வந்தால், இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

காகிதங்களைச் சேர்க்கும் வேலை

விலை பேசும் முன் கையில் இருக்க வேண்டியவை:

1. மூலப்பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் காவல்துறையில் புகார் செய்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெறுங்கள்; சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

2. வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முடிந்துபோன கடனின் அடமானம் ரத்தாகாமல் கிடக்கிறதா, எப்போதோ கைமாற்றுக்காகப் போட்டுக் கொடுத்த கிரய ஒப்பந்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும்.

3. பட்டா அல்லது நகர நிலஅளவைப் பதிவேட்டு நகல். அதில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகள் நீளமான மனையில் இரு பக்கமும் பொதுச்சுவரோடு இருப்பவை. சுவர் யாருக்குச் சொந்தம், கிணறும் சந்தும் பொதுவா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள்.

4. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

5. மாநகராட்சி வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டண ரசீதுகள். விற்கும் நாள் வரையிலான பாக்கி விற்பவர் பொறுப்பு.

6. வங்கிக் கடன் முடிந்திருந்தால் வங்கியின் சான்றும் அசல் பத்திரங்களும். கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

வீடு ஹிபாவாக வந்ததாக இருந்தால் ஒரு குறிப்பு. முஸ்லிம்கள் வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபாவும் செல்லும். அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆனால் கொடுப்பதாகச் சொன்னது, ஏற்றுக்கொண்டது, சொத்தை ஒப்படைத்தது ஆகிய மூன்றையும் நிரூபிக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அது வராது. வாங்குபவர் தயங்குவார். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்த செட்டில்மெண்ட்டாக எழுதிக்கொள்வது நல்லது.

குறையைச் சொல்லி விற்பது

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது நீங்கிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது நாம் அறிந்ததே. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும், வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மழைக்கு ஒழுகும் இடம், கரையான் அரித்த உத்திரம், பக்கத்து வீட்டாரோடு சுவர்த் தகராறு, நடக்கும் வழக்கு ஆகியவற்றைச் சொல்லுங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்து விரிசலை மூடி விற்காதீர்கள்.

போக்கியத்துக்குக் குடியிருப்பவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் கொடுத்த தொகை உங்கள் மீதுள்ள கடன். அதைத் திருப்பிக் கொடுத்துக் காலி செய்த பிறகு விற்பதே சிக்கலற்ற வழி.

பங்காளிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் முதலில் தெரிவியுங்கள். ஷுஃப்ஆ என்ற முன்னுரிமையைப் பழைய சென்னை மாகாண நீதிமன்றங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்க மறுத்துவிட்டன. எனவே வழக்குப் பயமில்லை. ஆனாலும் ஒட்டி வாழ்ந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம்.

தரகருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே தொகையாகவோ சதவீதமாகவோ பேசி எழுதிக்கொள்ளுங்கள். "உங்கள் கைக்கு 40 வந்தால் போதும், மேலே கிடைப்பது எனக்கு" என்று பேசும் தரகரிடம் போகாதீர்கள். அவர் வாங்குபவரிடம் என்ன விலை சொன்னார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். விலையை ஏற்ற ஆளை வைத்துப் பொய்யாகக் கேட்கச் செய்வதும், ஒருவருக்குப் பேசி முடித்த பிறகு கூட விலைக்கு இன்னொருவருக்குக் கொடுப்பதும் ஹதீஸில் தடுக்கப்பட்டவை.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். மொத்த விலை, முன்பணம், மீதி கொடுக்கும் கெடு, எந்தெந்தப் பாக்கி யார் கட்டுவது, வீட்டை எப்போது காலி செய்வது ஆகியவை அதில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கும்படி அல்பகராவின் 282-ஆவது வசனம் விரிவாகவே கட்டளையிடுகிறது.

வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸை வைத்துக்கொள்ளலாமா? ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. சட்டமும் நியாயமான இழப்பு அளவுக்குத்தான் இடம் கொடுக்கிறது. உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு. மிக முக்கியம்: பத்திரம் முடியும்வரை அட்வான்ஸைச் செலவழிக்காதீர்கள்.

வெள்ளையும் கறுப்பும்

"பத்திரத்தில் 25 காட்டலாம், 15 கையில் தருகிறேன்" என்ற பேச்சு வரும். மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் மேல்தான் விழும். பத்திர விலை அரசு வழிகாட்டி மதிப்பை விட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வழிகாட்டி மதிப்பையே உங்கள் விற்பனை விலையாக வைத்து வரி போடுவார்கள். பத்திரச் செலவான 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வழக்கமாக வாங்குபவர் கொடுப்பது. அவர் மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள் ஆபத்தைச் சுமக்க வேண்டாம்.

இதில் இன்னொரு தீமையும் உண்டு. பத்திரத்தில் 25 லட்சம் என்று இருந்தால், சகோதரிகளுக்கும் அந்த 25-க்குத்தான் பங்கு கணக்கிடப்படுகிறது. கையில் வந்த 15 லட்சம் சகோதரர்களோடு நின்றுவிடுகிறது. கறுப்புப் பணத்தில் முதலில் ஏமாற்றப்படுவது வீட்டுப் பெண்கள்தான்.

வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு இப்போது 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறையுமானால் அதையே கட்டலாம். வாரிசாக வந்த வீட்டுக்கு, முன்னவர் வைத்திருந்த காலமும் சேரும். வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்குத் தனித்தனிக் கணக்கு. விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ, அதில் போட்ட லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. வரியைத் தவிர்க்க அரசுப் பத்திரங்களில் போடச் சொல்வார்கள். அவை வட்டி தருபவை என்பதால் நமக்கு வீடே சிறந்த வழி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பதிவு நாள்

ஒவ்வொரு வாரிசின் பெயரிலும் தனித்தனி டிடி கேளுங்கள், அல்லது அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடச் சொல்லுங்கள். "எல்லாம் அண்ணன் கணக்கில் வரட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வார்த்தையில் பல குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வயதான தாயாரைப் பதிவு அலுவலகத்தின் படிக்கட்டில் மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியதில்லை. நோயாளிகளுக்காகவும் வெளியே வர இயலாதவர்களுக்காகவும் கட்டணம் செலுத்தினால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழி செய்கிறது. பத்திரத்தை அவருக்குப் புரியும் மொழியில், வீட்டில் உருது பேசுபவர் என்றால் உருதுவில், வாசித்துக் காட்டி, அதன் பிறகே விரல் ரேகை வாங்குங்கள்.

பணம் கைக்கு வந்த பிறகு

வீட்டை விற்ற பணத்தை அதுபோன்ற இன்னொன்றில் போடாதவருக்கு அதில் பரக்கத் இருக்காது என்ற பொருளில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. கையில் ரொக்கமாக இருந்த வீட்டுப் பணம் ஓரிரு ஆண்டில் கரைந்துபோவதை நாமும் பார்க்கிறோம். பங்கு சிறியதாக இருந்தால் ஊருக்கு வெளியே ஒரு சிறு மனையாவது வாங்கிப் போடுங்கள். சகோதரிகள் தங்கள் பங்கைத் தங்கள் பெயரிலேயே வாங்கட்டும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

குடியிருந்த வீட்டுக்கு ஜகாத் இல்லை. அதை விற்ற பணம் உங்கள் ஜகாத் கணக்கு நாளில் கையில் இருந்தால், அதற்கு ஜகாத் உண்டு. அதையும் மறக்க வேண்டாம்.

வீடு விற்கும் எண்ணம் உள்ளவர்கள் அட்வான்ஸ் வாங்கும் முன்பே பத்திர நகல்களோடு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பங்குக் கணக்கு எழுதித் தர ஆலிமையும், பத்திரம் பார்க்க வழக்கறிஞரையும் சந்திக்க ஏற்பாடு செய்கிறோம். வர இயலாத சகோதரிகள் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினாலும் போதும். கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

நம் கொடுக்கல் வாங்கல்களை ஹலாலாக்கி, உறவுகளைப் பேணி வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்